பிடியரிசி மயினி

அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். பிரியமெல்லாம் அதற்குப் பிறகு. மயினி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி; ஊரில் யாருக்கும் அவள் சொந்த மயினி கிடையாது. ஆனாலும் பல் போன கிழவரிலிருந்து என் பள்ளிக்கூடத்துப் பொடிசுகள் வரை எல்லோருக்கும் அவள் மயினிதான். வீடு வீடாகப் பிடியரிசி பிரிக்கிறவள், அதாவது வாங்கிச் சேர்க்கிறவள், என்பதால் பிடியரிசி மயினி.

எங்கள் கிறிஸ்தவ சபை வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது, அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அடுப்படியில் இருக்கும் சின்னக் கலயத்தில் போடுவார்கள். அது கோயிலுக்கு. அரிசிப் பானையின் அடி தெரிகிற நாளிலும் அந்த ஒரு பிடி தவறாது. சனிக்கிழமைதோறும் மயினி சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு புறவாசல் வழியாக வந்து, "ஏட்டி, கலயத்த எடு" என்பாள். அப்படி வருஷம் முழுக்கச் சேர்கிற அரிசி அவள் வீட்டு மரப்பத்தாயத்தில் கிடக்கும். அறுப்பின் பண்டிகையன்று அதைப் பொங்கி, சபை முழுவதும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அசனம் என்று பெயர். இராஜாக்கமங்கலம் போகிற வழியில் எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த அசனத்தையும் தெரிந்திருந்தார்கள்.

மயினிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதுவும் இரண்டாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. வந்து நின்று பேசிக்கொண்டிருப்பாள். பேச்சோடு பேச்சாக, முற்றத்தில் காய்கிற இரண்டு புளிக்குவியலைக் காலால் தள்ளி ஒன்றாக்கிவிடுவாள். அரைக்குடம் தண்ணீர் இரண்டு இருந்தால் ஒன்றில் ஊற்றிவிட்டு மற்றதைக் கவிழ்த்து வைப்பாள். விதைக்கென்று என் மனைவி தனியாக எடுத்து வைத்த மிளகாயைக் குழம்பு மிளகாயோடு கலந்துவிட்டு, "ஒண்ணாக் கெடக்கட்டு மக்கா" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். என் மனைவி ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பொறுக்கினாள். திட்டினால் மயினிக்கு உறைக்கவும் செய்யாது. அடுத்த சனிக்கிழமை அதே வாசலில் வந்து நிற்பாள்.

சுதந்திரம் வந்த வருஷம் எங்களுக்கு இன்னொரு செய்தியும் வந்தது. தனித்தனியாகக் கிடந்த பல சபைகள் சேர்ந்து ஒரே திருச்சபை ஆகப்போகிறதாம். நான் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வயது இருபத்தாறு. சபைக் கமிட்டிக்குப் புது செக்ரட்டரி. கால் தரையில் பாவவில்லை எனக்கு. கமிட்டியில் எழுந்து ஒரு மணி நேரம் ஐக்கியத்தைப் பற்றிப் பேசினேன். நான் உட்கார்ந்ததும் அத்தான் எழுந்தார். அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர், ஊரில் நாலு பேர் மதிக்கிற விவசாயி.

"இது நம்ம பாட்டன்மாரு கல்லு சொமந்து கெட்டின கோயிலு. எங்கெயோ இருந்து ஒருத்தரு வந்து இதுக்கு மேல அதிகாரம் பண்ணுததுக்கு நாங்க சம்மதிக்க மாட்டோம்" என்றார்.

நான் ஒன்று சொன்னேன். அவர் ஒன்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஐக்கியம் எங்கேயோ போய்விட்டது. அவர் என்னை நேற்று முளைத்த வாத்தியான் என்றார். நான் அவரைக் கோயில் சாவியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் என்றேன். மறு ஞாயிறு அந்தச் சாவி அவர் மடியில்தான் இருந்தது. ஐக்கியம் வேண்டும் என்ற நாங்கள் நாற்பது குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, பத்தடி அகல முடுக்குச் சந்தைத் தாண்டி எதிரே ஓலைக் கொட்டகை போட்டோம். ஒன்றாக வேண்டும் என்று சொன்னவர்கள்தான் பிரிந்து போனோம். எழுதும்போதே கூசுகிறது.

அதற்குப் பிறகு நானும் அத்தானும் பேசவில்லை. எங்கள் வயலுக்கும் அவர்கள் வயலுக்கும் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஒரே மடை வழியாகத்தான் வந்தது. அந்த மடையைத் திறக்க வேண்டிய நாளில்கூட ஆள் அனுப்பித்தான் சொல்லிக்கொண்டோம்.

மயினியிடம் இரண்டு பக்கத்தாரும் போய், நீ எந்தப் பக்கம் என்று கேட்டோம். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் அடுக்களப் பக்கம்" என்றாள். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தோம். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல இரண்டு பக்கத்து வீட்டுப் புறவாசலிலும் போய் நின்றாள். இரண்டு பக்கத்து அரிசியும் ஒரே சாக்கில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பண்ணியது அதைவிட மோசம். பழைய கோயிலில் ஆராதனை முதலில் தொடங்கும். எங்கள் மணி அரைமணி நேரம் கழித்து. மயினி அங்கே போய் முதல் பாதியைக் கேட்பாள். பிரசங்கம் நடுவில் இருக்கும்போது எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நடந்து வெளியே வருவாள். முடுக்கைத் தாண்டி எங்கள் கொட்டகைக்குள் வந்து மிச்சத்தைக் கேட்பாள். அங்கே போதகருக்குக் கோபம், பாதியில் போகிறாளே என்று. இங்கே போதகருக்குக் கோபம், பாதியில் வருகிறாளே என்று. நான் அவளிடம் ஒழுங்காக ஓரிடத்தில் உட்காரச் சொல்லிப் பார்த்தேன். "அங்க ஆரம்பம் நல்லா இருக்கு. இங்க முடிவு நல்லா இருக்கு மக்கா" என்றாள். நல்ல விமரிசனம்தான், ஆனால் போதகரிடம் போய்ச் சொல்ல முடியுமா?

மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம். முதலில் கிறிஸ்துவின் உடலாக அப்பம் கொடுப்பார்கள், பிறகு அவர் இரத்தமாகத் திராட்சரசம். ஒரு நாள் சாயங்காலம் என் மனைவி குளத்திலிருந்து வந்து துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். நானும் அத்தானும்தான் பேசமாட்டோமே தவிர, என் மனைவியும் என் அக்காவும் குளத்தங்கரையில் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ஒங்க அக்கா சொன்னாவ, நம்ம மயினி மூணு மாசமா அங்க அப்பம் மட்டும் வாங்கிட்டு எந்திரிச்சிருதாவளாம். ரசம் வாங்காம ஏன் போறாவன்னு அங்க எல்லாருக்கும் யோசன. நான் சொன்னேன், எங்க கொட்டகையில அவிய ரசம் மட்டும்தான் வாங்குதாவன்னு."

எனக்கு மண்டைக்குள் சூடேறியது. அப்போதே கிளம்பிப் போனேன். மயினி வீட்டு முற்றத்தில் சாக்குக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மயினி, இது என்ன காரியம்? அப்பத்த அங்க வாங்கிட்டு ரசத்த இங்க வந்து குடிக்கியளா?"

"ஆமா."

"இப்பிடி உலகத்துல எங்கயாவது உண்டுமா?"

அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரே ஒடம்பு, ஒரே ரத்தம்னுதானே நீங்க ரெண்டு பேரும் சொல்லுதிய? அதுல ஒடம்ப அவிய ஒரு பக்கம் வச்சிருக்காவ, ரத்தத்த நீங்க ஒரு பக்கம் வச்சிருக்கிய. நான் ஒருத்தியாவது முழுசா வாங்கண்டாமா மக்கா?"

பதில் இல்லாதபோது வாத்தியார்களுக்குக் கோபம் கூடுதலாக வரும். "ஒங்களுக்கு வேதம் தெரியாது, பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து அவள், "தெரியாதுதான்" என்றாள்.

விஷயம் வெளியே வந்ததும் இரண்டு போதகரும் தனித்தனியே குதித்தார்கள். அடுத்த மாதம் அங்கே அவளுக்கு அப்பம் கிடைக்கவில்லை, இங்கே ரசம் கிடைக்கவில்லை. அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஆராதனை முடியும்வரை இரண்டு கோயிலுக்கும் நடுவில் முடுக்கிலேயே நின்றாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. நான் ஜெபத்துக்குக் கண்ணை மூட முடியாமல் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகாவது எங்கள் அரிசியைத் தனியாக வைக்கச் சொல்ல வேண்டும் என்று கமிட்டியில் முடிவானது. போய்ச் சொன்னேன். மயினி பத்தாயத்தின் மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

"எது ஒனக்க அரிசி, எது அவியளுக்க அரிசி? பெறக்கி எடுத்துக்கோ."

இங்கேதான் நான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய புத்திசாலித்தனத்தைச் செய்தேன். எங்கள் வீடுகளில் இனிமேல் சிவப்புச் சம்பா அரிசிதான் பிடியரிசியாகப் போட வேண்டும் என்று தீர்மானம் எழுதினேன். நிறம் வேறாக இருந்தால் யார் கூடக் கொடுக்கிறார்கள், யார் குறையக் கொடுக்கிறார்கள் என்று பார்த்த உடனே தெரிந்துவிடுமே! தீர்மானத்தைச் சபையில் படித்தபோது எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைக் கேள்விப்பட்ட அத்தான் சும்மா இருப்பாரா? அவர்கள் பக்கம் வெள்ளை அரிசி மட்டும் என்று அவர் தீர்மானம் போட்டார். மயினி இரண்டையும் வாங்கினாள். பத்தாயத்தில் கொட்டினாள். கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் கலக்கினாள்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகை வந்தது. பிரிந்த பிறகு ஐந்து வருஷமாக அசனம் நடக்கவே இல்லை. இந்த வருஷம் நடத்தியே தீருவேன் என்று மயினி பிடிவாதமாக நின்றாள். ஒரே பந்தி, இல்லாவிட்டால் அரிசியை யாருக்கும் தரமாட்டேன் என்றாள். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது. சமைக்கிற பெரிய வார்ப்பு பழைய கோயிலில் இருந்தது, அத்தான் தரமாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் புதிதாக வாங்கியிருந்தோம், நாங்களும் தரவில்லை. அவள் பக்கத்து ஊர் அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற நிழல்தாங்கலுக்குப் போய்க் கேட்டாள். "ஒங்க ஊர்ல ரெண்டு கோயிலு உண்டுல்லா, ஒரு வார்ப்பு இல்லியா?" என்று அவர்கள் கேட்டார்களாம். கேட்டுவிட்டு வண்டியில் ஏற்றியும் அனுப்பினார்கள்.

வார்ப்பை முடுக்கின் நடுவில் கல் கூட்டி வைத்தாள். முடுக்கு இரண்டு கோயிலுக்கும் சொந்தமில்லை, சர்க்கார் வழி. நாங்கள் ஆண்கள் இந்தப் பக்கம் கொட்டகை வாசலில் நின்றோம். அவர்கள் அந்தப் பக்கம் படிக்கட்டில் நின்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் இலையை மடியில் வைத்துக்கொண்டு முடுக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் அக்கா.

அரிசி வேகவில்லை. வெள்ளை அரிசி சீக்கிரம் வெந்துவிட்டது. சிவப்பு அதற்கு இரண்டு மடங்கு நேரம் கேட்டது. மயினி முந்தின நாளே ஊறப்போட்டிருந்தும் பலனில்லை. சிவப்பு வேகட்டும் என்று விறகைத் தள்ளத் தள்ள, வெள்ளை கரைந்து கூழானது. "வேகும் மக்கா, வேகும். இன்னும் செத்த நேரம்" என்று சொல்லிக்கொண்டே அகப்பையால் கிண்டினாள். வேர்வை அவள் தாடையிலிருந்து சொட்டியது. பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கிவிட்டன. கடைசியில் இலையில் விழுந்தது கூழும் இல்லை, சோறும் இல்லை. கடித்தால் சிவப்பு அரிசி பல்லில் நறுக்கென்றது.

அத்தான் படிக்கட்டிலிருந்து சத்தமாகச் சொன்னார்: "பாத்தியளா? ஒண்ணா வேகாதுன்னு அரிசியே சொல்லிட்டு!"

அவர் பக்கம் சிரித்தது. எங்கள் பக்கமும் சிரித்தது. ஐந்து வருஷத்தில் இரண்டு பக்கமும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

மயினி அகப்பையோடு என்னைப் பார்த்தாள். "நீங்க பாத்துப் பாத்து வேற வேற அரிசியாத் தந்தா, நான் என்ன செய்ய மக்கா?" என்றாள். பிறகு ஓர் இலையைப் போட்டுக்கொண்டு பெண்களோடு உட்கார்ந்து, அந்த நறுக்கென்ற சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

இதோடு விட்டிருக்கலாம். எங்களுக்கு விட மனசு வரவில்லை. இவள் இருக்கிறவரைக்கும் ஊரில் இரண்டு சபைக்கும் மரியாதை இல்லை என்று அந்தப் பக்கமும் பேசினார்கள், இந்தப் பக்கமும் பேசினோம். அவளை ஒரு சபை மட்டும் நீக்கினால் மற்றதன் பெயரைச் சொல்லிக்கொண்டு சாக்கோடு வருவாள். இரண்டும் சேர்ந்து நீக்க வேண்டும். அத்தான் ஆள் அனுப்பினார். அவர் எங்கள் கொட்டகைக்கு வரமாட்டார், நான் அந்தக் கோயிலுக்குப் போகமாட்டேன். ஆகையால் குளத்து மதகில் உட்கார்ந்து எழுதினோம். ஐந்து வருஷம் பேசாதவர்கள் கால்மணி நேரத்தில் கடிதத்தை முடித்துவிட்டோம். ஒரு வார்த்தைக்கும் தகராறு இல்லை. பிடியரிசி பிரிக்கும் வேலையிலிருந்து அவள் நீக்கப்படுகிறாள், அவ்வளவுதான். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அத்தான் தன் பேனாவைக் கொண்டுவரவில்லை. என்னுடையதை வாங்கிப் பக்கத்திலேயே போட்டார்.

இருவரும் சேர்ந்துதான் கொண்டுபோய்க் கொடுத்தோம். மயினிக்கு மெதுவாகத்தான் வாசிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். நீக்கப்படுகிறீர்கள் என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. "இருவது வருசமா நடந்த காலு" என்று தனக்குள் சொன்னாள். பிறகு விரல் கீழே போனது. இரண்டு கையெழுத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே தாளுல போட்டிருக்கியளே!" என்றாள். "ஒண்ணா உக்காந்தா எழுதினிய?"

அவள் உள்ளே போய்ச் சுக்குக்காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். வேலையை விட்டு நீக்கிய கையோடு அந்தக் காப்பியைக் குடித்தோம். அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அவர் வலதுபக்கம் போனார், நான் இடதுபக்கம் போனேன்.

வேலை போனாலும் அவள் நிற்கவில்லை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நாள் எங்கள் அடுப்படியில் அந்தக் கலயம் நிறைந்திருப்பதைப் பார்த்து மனைவியைச் சத்தம் போட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கடிதாசி மயினிக்குத்தானே எழுதினிய? எனக்க கைக்கு எழுதல்லியே" என்றாள். ஊர்ப் பெண்கள் தீர்மானம் எதுவும் எழுதாமலே இரண்டு பக்கத்திலும் ஒரே வெள்ளை அரிசியைப் போடத் தொடங்கியிருந்தார்கள். வருஷா வருஷம் மயினியின் முற்றத்தில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆண்கள் யாரும் போகவில்லை. எனக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்புவாள். கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடுவேன். நன்றாக வெந்திருக்கும்.

நாங்கள் ஆண்கள் ஐக்கியப்பட்ட இடம் வேறு ஒன்று உண்டு. திருவிதாங்கூர் வேண்டாம், மெட்ராஸோடு சேர வேண்டும் என்று நாகர்கோவிலில் கூட்டம் நடந்த காலம். நானும் போனேன், அத்தானும் போனார். பத்தாள் தள்ளி நின்று இருவரும் ஒரே கோஷத்தைத் தொண்டை கிழியப் போட்டோம். ஊருக்கு ஒரே பஸ்ஸில் திரும்பி, முடுக்கின் தலையில் இறங்கி, அவரவர் பக்கம் நடந்தோம். மயினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு மக்கா தொண்ட கெட்டியிருக்கு?"

"மெட்ராஸோட சேரணும்னு கூட்டம் மயினி."

"அது எம்பிட்டு தூரம்?"

"நானூறு மைலுக்கு மேல வரும்."

அவள் முடுக்கின் அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தாள்.

ஐம்பத்தாறில் அதுவும் நடந்துவிட்டது. நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்று ஊர் முழுக்க வெடி. பழைய கோயில் வாசலிலும் வெடித்தார்கள், எங்கள் கோயில் வாசலிலும் வெடித்தோம். எங்கள் கொட்டகை அதற்குள் ஓட்டுக் கோயிலாகியிருந்தது. புகைக்கு நடுவில் நின்றபோது எனக்குத் திடீரென்று அந்தக் கடிதம் ஞாபகம் வந்து வெட்கம் பிடுங்கியது. அப்படி ஒரு கடிதம் உலகத்தில் இருக்கக்கூடாது என்று தோன்றியது. நேரே மயினி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அப்போது முழங்கால் வீங்கி, நடை குறைந்திருந்தது.

"மயினி, அந்தக் கடிதாசியத் தாருங்க. கிழிச்சுப் போட்டிருதேன். அத எழுதினது தப்பு."

அவள் தலைமாட்டிலிருந்த வேதப்புத்தகத்தை எடுத்தாள். கடிதம் அதற்குள்தான் இருந்தது. மடிப்பு மடிப்பாகப் பழுத்துப் போயிருந்தது. வெளியே எடுத்து, இரண்டு கையெழுத்தையும் எனக்குக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே வைத்து மூடினாள்.

"கிழிக்காண்டாம் மக்கா. ஒங்க ரெண்டு சபைக்கும் சேத்து இந்த ஊர்ல உள்ளது இது ஒண்ணுதான். ஒண்ணாக் கெடக்கட்டு."

"மயினி, எனக்கு வெக்கமாட்டு இருக்கு."

"ஒனக்க அத்தானுக்கும் அப்பிடித்தான் இருக்காம். நேத்து அவியளும் வந்து இதே மாதிரி கேட்டாவ. நான் அவியகிட்டயும் சொல்லியாச்சு. ரெண்டு பேரும் சேந்து வந்து கேளுங்க, தாறேன்."

முடுக்குக்குத் திரும்பி வந்தேன். அத்தான் கோயில் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் மயினி வீட்டுப் பக்கமிருந்து வருவதைப் பார்த்தார். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் மயினி போய்விட்டாள். அத்தானும் நெடுநாள் இருக்கவில்லை. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் பத்தடிதான் இருந்தது. "அத்தான், வாருங்க, போயிட்டு வருவோம்" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை.